சொட்டுக்கு ஒரு கண்

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த எட்டு மாதத்தில் என் நாத்தனார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ பிசிக்ஸ்தானே படிச்ச?" என்பதுதான். அவர் முன்னால் தட்டில் போட்ட சோறு தொடப்படாமல் இருந்தது. என் கணவருக்கு மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஊரின் ஓரத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு சிஸ்டர். நான் வேலூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரே வீட்டில் இருந்தும், குழம்பில் உப்பு கம்மி என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு வளர்ந்ததில்லை.

அன்று பகலில் அவர் ஒரு குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, மூன்று கட்டில் தள்ளி இன்னொரு குழந்தையின் குளுகோஸ் பாட்டில் காலியாகிவிட்டது. இரத்தம் குழாயில் ஏறி உறைந்து, அந்தப் பிஞ்சுக் கையில் வேறு நரம்பு கிடைக்க நாலு முறை குத்த வேண்டியதாயிற்று. குழந்தை தேறிவிட்டது. இவருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

"பத்து பெட்டுக்கு நான் ஒருத்தி. சொட்டு நின்னா மணி அடிக்கிற மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா?"

வெளிச்சத்துக்குக் குறுக்கே சொட்டு விழுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம், சின்ன பல்பு ஒன்று போதும் என்றேன். குழந்தையின் முகத்தில் வெளிச்சம் அடிக்குமே என்றார். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும் இருக்கிறது, அகச்சிவப்பு என்று பெயர் என்றேன். "தெரியலன்னா அத வெளிச்சம்னு எப்படி சொல்ற?" என்றார். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, தொடாமல் பக்கத்தில் கையை நீட்டச் சொன்னேன். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அந்த வெளிச்சத்தைத் தரும் சிறு விளக்கும் அதை உணரும் சென்சாரும் வேண்டும். கல்லூரியில் இல்லை. கடைகளுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை மெட்ராஸ் போய் ரேடியோ சாமான் கடைகளாக ஏறி இறங்கினேன். ஒருவர் மட்டும் "அதான் இது" என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். வீட்டில் இணைத்தபோது பளிச்சென்று சிவப்பாக எரிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததாலேயே அது நான் தேடியது இல்லை என்று புரிந்தது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் நாத்தனார்தான். வார்டில் இருந்த ஒரு குழந்தையின் அப்பா, தோல் பதனிடும் ஷாப்பில் மெக்கானிக். அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் எங்கள் இருவரையும் அவர் ஷெட்டுக்கு அழைத்துப் போனார். தோலின் பரப்பை அளக்கும் வெளிநாட்டு மெஷின் ஒன்று பழுதாகி மூலையில் கிடந்தது. மேலே ஒரு வரிசை விளக்கு, கீழே ஒரு வரிசை சென்சார். நடுவில் தோல் போகும்போது எத்தனை மறைகிறதோ அதுதான் அளவு.

"இதுல லைட்டே எரியலையே பாய்?" என்றார் நாத்தனார்.

"எரியும் சிஸ்டர். நமக்குத்தான் தெரியாது."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எத்தினி கண்ணு வேணும்?" என்று கேட்டார் பாய். ஒரு ஜோடி போதும் என்றேன். முதலாளியிடம் கேட்டுவிட்டு நாலு ஜோடி கழற்றித் தந்தார். "பாதி செத்திருக்கும். ஜாஸ்தியாவே வச்சுக்கோங்க."

எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. சென்சாரை மீட்டரில் இணைத்து டார்ச் அடித்தேன். முள் ஏறினால் அது நல்லது. பிறகு அதன் எதிரே விளக்கை வைத்தோம். ஒன்றுமே எரியவில்லை, ஆனால் முள் ஏறியது. நாத்தனார் நடுவில் விரலை நீட்டினார், முள் இறங்கியது. எடுத்தார், ஏறியது. இருபது முறையாவது செய்திருப்பார்.

பிறகு கேட்டார்: "விரல் மறைக்குது, சரி. தண்ணி கண்ணாடி மாதிரி. அது எப்படி மறைக்கும்?"

நான் அதை யோசிக்கவே இல்லை. ஜன்னல் கம்பியில் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு, சொட்டு விழும் இடத்துக்கு இருபுறமும் விளக்கையும் சென்சாரையும் வைத்து, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒவ்வொரு சொட்டுக்கும் முள் துடித்தது. உருண்டையான சொட்டு வெளிச்சத்தை மறைக்கவில்லை, வளைத்து வேறு பக்கம் அனுப்புகிறது என்று மறுநாள்தான் எனக்கே விளங்கியது.

அந்தத் துடிப்பு நின்றால் மணி அடிக்கும்படி ஒரு சின்ன சர்க்யூட் செய்து இணைத்தேன். பெரிய டாக்டர் ஒரே ஒரு கட்டிலில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். முதல் நாள் காலையே, சொட்டு ஒழுங்காக விழும்போதே மணி அடித்தது. கிழக்கு ஜன்னல் வெயில் சென்சாரைக் குருடாக்கிவிட்டது. கறுப்புத் துணி சுற்றினேன்; வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு அதையும் ஊடுருவியது, அப்போதும் அடித்தது. நாத்தனார் யோசித்துவிட்டு, "தோல் சுத்திப் பாரேன். தோல்ல நிக்கிற வெளிச்சம்தானே அது?" என்றார். பாயிடம் வாங்கிய துண்டுத் தோலில் உறை தைத்தோம். சொட்டு தன் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று அதில் ஒரு சின்னக் கீறல் வைத்தார். அதன் பிறகு மணி பொய் சொல்லவில்லை.

இன்று பெரிய மருத்துவமனைகளில் இந்த வேலைக்கு அழகான பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றின் அருகே நிற்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது, அந்த மணி முதல்முறையாக உண்மையாக அடித்த நாள். அன்று மாலை நாத்தனார் செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராக அடுப்படிக்கு வந்தார். என்ன ஆயிற்று என்று பதறினேன்.

"ஒண்ணும் ஆவல. அடுத்த வார்டுல இருந்தேன். மணி அடிச்சுது, வந்து பாட்டில மாத்திட்டேன். குழந்த எழுந்துக்கவே இல்ல."

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் ஒம்போது பெட் இருக்குது," என்றார். "நீயும் உக்காரு. சாப்பிட்டுட்டே பேசலாம்."