கீழ்த்தளத்து ஏரி

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் மோட்டார்க்காரர் தினமும் அந்தச் சரிவில் இறங்குவார். முப்பது மாடிக் கட்டடத்துக்கு அடியில், கார்கள் நிற்கிற கீழ்த்தளம். வெறுங்காலைத் தரையில் வைத்துப் பார்ப்பார். விரல் நனைந்தால் ஒரு மோட்டார். கணுக்கால் நனைந்தால் இரண்டு. சுவரில் அளவுகோல் வரைந்திருக்கிறார்கள். அதை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூலையில் ஒரு குழி. அடியிலிருந்து ஊறுகிற தண்ணீரெல்லாம் அதில் வந்து சேரும். அதை உறிஞ்சித் தெருச் சாக்கடையில் தள்ளுவது ஆறு வருஷமாக அவர் வேலை. மழை பெய்த வாரத்தில் மோட்டார் நின்றால் கால்மணி நேரத்தில் தண்ணீர் தரைக்கு வந்துவிடும். பொத்தானை அழுத்தியதும், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலக் குழாயில் உள்ளங்கையை வைப்பார். தண்ணீர் ஏறியது தெரிந்ததும் திட்ட ஆரம்பிப்பார். மோட்டாரை அல்ல. மேலே இருக்கிற முப்பது மாடியையும், ஒவ்வொன்றாக.

திட்டாமல் என்ன செய்வார்? இந்த இடம் ஏரி. அதன் கரையில் ஓடு போட்ட ஒற்றை அறையில் அவர் குடும்பம் இருந்தது. ஒரு நாள் காலையில் அதிகாரிகள் இடிக்கிற இயந்திரத்தோடு வந்து, ஏரியை ஆக்கிரமித்துவிட்டீர்கள் என்றார்கள். பாத்திரம் பண்டம் எடுக்க அரைமணி நேரம். ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு அறையைக் காட்டினார்கள். அப்படி ஏரியைக் காப்பாற்றியவர்கள்தான் மறு வருஷமே லாரி லாரியாக மண் கொட்டி அதை மூடினார்கள். பஸ் நிலையம் வரும் என்றார்கள். அப்புறம் சந்தை என்றார்கள். கடைசியில் இது முளைத்தது.

"கரையில ஒண்டிக்கிட்டிருந்த நாங்க ஆக்கிரமிப்பாம். நட்டநடு ஏரியில முப்பது மாடி கட்டினவன் ஊரை வளக்குறானாம்" என்பார், குழியைப் பார்த்து.

வீட்டில் அவர் மனைவி சும்மா விடுவதில்லை. "நம்மளத் தொரத்தினவன் காரு நனையாமப் பாத்துக்கறீங்களே, உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு" என்பாள். அந்தச் சம்பளத்தில் ஐந்து வயிறு.

குழிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும், வருஷத்துக்கு ஒன்று. தேதி, மோட்டார் ஓடிய நேரம், காரணம் என்று மூன்று கட்டம். அஞ்சாவது வரை படித்த மனுஷன், முதல் நாளே காரணம் என்ற கட்டத்தில் 'ஏரி' என்று எழுதினார். ஆறு வருஷமும் அதே எழுத்து. ஏரி. ஏரி. ஏரி. ஒருவனும் புரட்டிப் பார்த்ததில்லை.

போன வாரம் புரட்டினார்கள். விற்காமல் கிடக்கிற வீடுகளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம், பழைய நோட்டெல்லாம் கேட்டிருக்கிறார்களாம். கட்டட மேலாளர் பளபளவென்ற ஷூவோடு கீழே இறங்கி வந்தார். மற்ற நாளில் 'யோவ் மோட்டாரு' என்பவர், அன்றைக்கு அண்ணே என்றார். கக்கத்தில் ஆறு புது நோட்டு.

"எல்லாத்தையும் புதுசா எழுதிடுங்கண்ணே. காரணம், குழாய்க் கசிவு. கையெழுத்து உங்களோடதா இருக்கணும்."

"எந்தக் குழாய் கசியுது?"

"ஏதோ ஒண்ணு. எழுதுங்களேன்."

"ஆறு வருஷமாக் கசியற குழாயை அடைக்காம இருந்தவன் யாருன்னு நாளைக்குக் கேப்பான். நான்தான்னு நானே எழுதிக் கொடுக்கணுமா?"

மேலாளருக்கு அண்ணன் மறந்துபோனது. எழுதினால் வேலை, எழுதாவிட்டால் நாளையிலிருந்து வராதே என்றார். அந்த வாரம் முழுக்க மழை. இரண்டு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன.

மோட்டார்க்காரர் ஆறு நோட்டையும் வாங்கிக் கார் ஒன்றின் மேல் வைத்தார். போய் ஒரு பொத்தானை அழுத்தினார். பிறகு இன்னொன்றை. இரைச்சல் அடங்கியது. குழிக்குள் தண்ணீர் களக் களக்கென்று ஏறுவது இருவருக்கும் கேட்டது.

"கொஞ்சம் நில்லுங்க சார். எந்தக் குழாய்னு தெரிஞ்சிடும்."

சொல்லிவிட்டுத் தம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மேலாளரின் ஷூவை ஒருதரம் பார்த்தார். பிறகு தம் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் மேல் மடித்து வைத்துக்கொண்டார்.