ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்த டிரைவர்

போன பங்குனியில், வேடசந்தூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. பட்டம் வாங்கிய கையோடு எனக்கு ஒரு தற்காலிகக் கணக்கெடுப்பு வேலை கிடைத்திருந்தது. மாநிலத்தில் எத்தனை பேர் போக்குவரத்தில், எத்தனை பேர் குடோன்களில், எத்தனை பேர் மின்சாரம், தண்ணீர் விநியோகத்தில் வேலை பார்க்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் ஒரு நாள் எடுக்கும் தெருவை நான் மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன். அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்று காலை பத்து மணி வாக்கில் ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் மில் பஸ் டிரைவர். விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரை ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி மில்லில் இறக்குவாராம். அதோடு ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கும் தான்தான் ஆபரேட்டர் என்றார். தினமும் காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்து தெருக்களுக்குத் தண்ணீர் விட வேண்டும். மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"அவ வீட்டுல சும்மாதான் தம்பி இருக்கா."

அந்த அக்கா எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

மளமளவென்று தட்டிவிட்டுச் சேமிக்கப் போனால், டேப்லெட் சிவப்புக் கட்டம் காட்டியது. ஆறு மணிக்கு இவர் பஸ்ஸிலும் இருக்கிறார், தொட்டியடியிலும் இருக்கிறார். நான்தான் நேரத்தைத் தப்பாக ஏற்றிவிட்டேனோ என்று அழித்துவிட்டு மறுபடியும் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி புரியவில்லை போல என்று நினைத்து, இன்னும் சத்தமாகக் கேட்டேன்.

அப்போது ஒரு பெண் காலிக் குடத்தோடு வாசலில் வந்து நின்று, வீட்டுக்கார அக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, மேட்டுத் தெருவுக்கு இன்னைக்கும் தண்ணி ஏறல. இன்னும் செத்த நேரம் விட்டா என்ன? உம் புருசன் பஸ்ஸுக்கு ஓடுற மாதிரியே நீயும் மூடிட்டு ஓடிர்றே."

எனக்கு விடை கிடைத்த குஷி. "அப்ப தண்ணி விடுறது நீங்கதானாக்கா?" என்று கேட்டுக்கொண்டே மாற்ற ஆரம்பித்தேன். அந்த அக்கா சட்டென்று டேப்லெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"அதை எழுதாதீங்க தம்பி. தொட்டி வேலை இவரு பேர்ல இருக்கு. மில்லுக்கு ஓடுறாருன்னு தெரிஞ்சா வேற ஆளப் போட்ருவாங்க."

"பேரு யாருக்கும் போகாதுக்கா. வெறும் எண்ணிக்கைதான்."

"மொதல்ல பேரைக் கேட்டுத்தானே எழுதுனீங்க?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ரகசிய உறுதிமொழியை ஒப்பித்தேன். என் வாயால் கேட்கும்போது எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

அவர் வால்வு திருகும் நீளமான இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பின்னாலேயே போனேன். வால்வுக் குழிக்குள் குனிந்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே வால்வைத் திருகினார். பள்ளத் தெரு வால்வை ஆறு சுற்று குறைத்தால்தான் மேட்டுக்குத் தண்ணீர் ஏறுமாம். அந்தக் கணக்கு அவர் கணவருக்கே தெரியாதாம்.

"இது வேலைதானேக்கா?"

"பின்ன, விளையாட்டா? யாரு வேலைன்னு மட்டும் எழுத வேணாம்."

உள்ளதை எழுதினால் பிழைப்பு போய்விடும் என்று அவர் பயப்படுகிறார். அவர்கள் சொன்னபடியே எழுதினால் டேப்லெட் ஏற்காது; ஒரு வேலையை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்க் கணக்கு. ஒரு வேப்ப மரத்தடியில் நின்று குழம்பிக் குழம்பி, கடைசியில் டேப்லெட்டின் பதில் பட்டியலில் அடியில் இருந்ததைத் தட்டினேன்: 'தகவல் தர மறுத்துவிட்டனர்.' உடனே பச்சை காட்டியது.

டீ கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர்கள் அவர்கள். நான் போட்ட ஒரு தட்டில் பஸ் ஓட்டியவரும் கணக்கில் இல்லை, தண்ணீர் விட்டவரும் இல்லை. அவர்களைக் காப்பாற்றினேனா, என் தலைவலியை முடித்துக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை; மாநிலத்தில் இத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எங்காவது ஒரு எண்ணைப் பார்த்தால், அதில் வராமல் போன அந்த இரண்டு பேர்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.