ஜோவாயில் கிடைத்த கேசட்

எண்பதுகளில் ஷில்லாங்கில் இளமையைக் கழித்தவர்களில் பிரெம்லி ரின்ஜாவின் கிடாரைக் கேட்காதவர்கள் குறைவு. துக்கத்தைப் பாடும் ப்ளூஸ் ராக் வாசிப்பவர்கள் எங்கள் மலையில் தெருவுக்கு ஒருவர் உண்டு. பிரெம்லி மட்டும் ஒரு சுரத்தை இழுத்தால், அது அடங்கும்வரை அடுத்ததைத் தொடமாட்டான். அவனுக்கு டிரம்ஸ் வாசித்தவன் நான். அவன் அப்படி நின்றுவிடும்போது என் கை எத்தனையோ தடவை முந்திக்கொண்டு போயிருக்கிறது.

பாடியவள் அவன் மனைவி திரினா. எங்கள் முதல் கேசட் கல்கத்தாவில் பதிவானது, முழுக்க ஆங்கிலப் பாட்டு. வாங்கியவர்கள் பெரும்பாலும் எங்கள் உறவுக்காரர்கள்தான்.

"இங்கிலீஷ்ல அழுதா எங்கம்மாவுக்கு எப்படிய்யா புரியும்?" என்றாள் திரினா. "நம்ம பாஷையில பாடுவோம்."

"ப்ளூஸையா? நம்ம காசி பாஷையிலயா?" என்று நான் சிரித்தேன்.

"ஏன், காசிக்காரங்களுக்குக் கஷ்டமே கிடையாதா?"

பிரெம்லி மெட்டுப் போட்டான், அவள் வார்த்தை போட்டாள். அந்தப் பாட்டுகளை மேடையில் பாடிப் பார்த்தோம். ஜோவாயில் பள்ளிக்கூட மைதானத்தில் ஜனம் மழையிலும் கலையவில்லை. பிறகு கவுஹாத்தி போய் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தோம்.

திரும்பி வரும் வழியில், நோங்போ தாண்டி, காலை மூடுபனியில் ஜீப் பள்ளத்தில் உருண்டது. திரினா அங்கேயே போய்விட்டாள். பிரெம்லியின் இடது கையில் இரண்டு விரல்கள் நொறுங்கின. அந்த மழைக்காலத்திலேயே கவுஹாத்தியில் வெள்ளம் வந்து ஸ்டுடியோவுக்குள் புகுந்தது. எங்கள் டேப்புகளும் சேற்றோடு போயின.

எங்கள் வழக்கத்தில் பிள்ளை தாயின் குலம். மனைவி போய்விட்டால் கணவன் தன் சகோதரி வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்போது மகள் இபன்ரிக்கு நடக்கத் தெரியும், பேசத் தெரியாது. அவளை மௌலாயில் இருந்த தாய்வழி வீட்டில் திரினாவின் தங்கை பிதாலியாவிடம் விட்டுவிட்டு, பிரெம்லி ஒரு பெட்டியோடு ஜாயா பகுதியில் இருந்த தன் சகோதரி வீட்டுக்கு வந்தான்.

பிதாலியா அவனிடம் சொன்னது ஒன்றுதான், 'பாஹ்' என்று அண்ணன் முறை வைத்தே. "பிள்ளையப் பாக்க எப்ப வேணா வாங்க பாஹ். அந்தக் கிடாரு மட்டும் இந்தப் படி ஏறக்கூடாது."

கிடாரை விலக்கிய வீட்டுக்குள் அவனும் போகவில்லை, வாசலில் நின்றே மகளைப் பார்த்தான். உள்ளே வா என்று பிதாலியா சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

மடங்காத விரலில் ஓர் இரும்புக் குழாயை மாட்டிக்கொண்டு, தந்திகள்மேல் வழுக்கி வாசிக்கப் பழகினான். அந்த வாசிப்புக்குத்தான் அவனுக்குப் பெயர் வந்தது. டெல்லியிலிருந்து வந்த ஒரு பையன், "இந்த ஸ்டைல் எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்றான். "நோங்போவுல" என்றான் பிரெம்லி. அன்றைக்கு ரொம்பக் குடித்தான். அதற்குப் பிறகு குடிக்காத நாள் குறைவு.

இபன்ரி நர்ஸ் படிப்பு முடித்த வருஷம் அவனிடம் ஒரு நாள் கேட்டாள். "அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?"

அவன் திரினா பாட்டின் ஒரு வரியை முனகிப் பார்த்து, பாதியில் விட்டான்.

அதற்கப்புறம்தான் தேட ஆரம்பித்தான். உறவுக்காரர்கள் வாங்கிய முதல் கேசட்டெல்லாம் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பாடாமல் போயிருந்தன. எந்த ஊரில் வாசித்தாலும் கடைசியில் மைக்கில் கேட்பான், திரினா பாடியதை யாராவது பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று. ஜனம் தலை குனியும். எங்களுக்கே சங்கடமாக இருக்கும். ஒரு தடவை ஜோவாயில் லாம்ஃப்ராங் என்ற மரக்கடைக்காரர் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"அன்னைக்கு மழையில நான் டேப் ரிக்கார்டரக் குடைக்குள்ள வெச்சிருந்தேன் பாஹ். பாதிதான் இருக்கும். பேட்டரி தீந்துபோச்சு."

மறுநாளே இபன்ரியை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். டேப்பில் முதலில் மழை. அப்புறம் என் டிரம்ஸ், வழக்கம்போல அவசரப்பட்டு. அப்புறம் திரினா. இரண்டு வரி முடிவதற்குள், "போலாங்க, புள்ள நனையுது" என்று ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. "அது நான்தான்" என்று லாம்ஃப்ராங்கின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு வரவர வேகமெடுத்து, கீச்சென்று மெலிந்து, நின்றுபோனது.

இபன்ரிதான் பேசினாள்.

"இது சித்தி குரல்பா. அச்சு அசல் சித்தி. அவங்க சர்ச்சுலயும் அடுப்படியிலயும் பாடுறப்ப இப்படித்தான் இருக்கும்."

மகள் அந்தக் குரலைக் கேட்டேதான் வளர்ந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றுவிட்டவனுக்குத்தான் அது காதில் விழாமல் போயிருக்கிறது.

கேசட்டை இபன்ரி மௌலாய்க்கு எடுத்துப் போனாள். நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். அடுப்படியில் பிதாலியா கருவாட்டை இடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு தொடங்கியதும் இடிக்கும் சத்தம் நின்றது. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். அப்புறம் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"சோறு இருக்கு. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

மூன்றாவது பதிவு அதற்குப் பிறகு, ஷில்லாங்கிலேயே நடந்தது. வெறும் கிடாரும் டிரம்ஸும். ஸ்டுடியோக்காரப் பையன் அந்தப் பழைய டேப்பைச் சுத்தம் செய்து சேர்த்துத் தருகிறேன் என்றான். "அது என் பொண்ணோடது" என்று பிரெம்லி மறுத்துவிட்டான். அவன் வாசித்ததிலேயே நல்லது அதுதான். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஞாயிறுதோறும் மௌலாயில் சாப்பிட்டான். ஒரு வருஷம்கூட நிறையவில்லை. ஈரல் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில், அவன் மகள் வேலை பார்த்த வார்டிலேயே.

ஜாயா வீட்டில் உடல் கிடந்தபோது பிதாலியா வந்தாள். என்னைப் பார்த்ததும் நேரே என்னிடம்தான் வந்தாள்.

"குடிக்காதேன்னு உங்கள்ல ஒருத்தராவது சொன்னீங்களா?"

"சொன்னோம்மா. கேக்கல."

"இந்தப் பாழாப்போன மனுஷன் யார் சொல்லிக் கேட்டாரு?" என்றாள். அவனுக்காக அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.