ரமணாவின் திட்டம்

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் ஹேமநாத்தின் மகள் கீர்த்திக்குக் காது கேட்காது. அவளுக்கான தனிக் கல்வித் திட்டத்தை அவர் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசியே சரிசெய்தார். அதிலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்குத் துணைக்கு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் குடிபாலாவிலிருந்து வெங்கடலட்சுமி கூப்பிட்டாள். அவள் மகன் ரமணாவுக்கு எட்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. 'வகுப்பில் அமைதியாக உட்காரப் பழக்க வேண்டும்' என்பதுதான் இந்த வருடம் அவனுக்குப் போட்டிருந்த திட்டம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்தத் தாளை நீட்டியபோது ரமணாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"கையெழுத்து போட்டுடட்டுமாண்ணா?" என்று வெங்கடலட்சுமி ஹேமநாத்திடம் மெதுவாகக் கேட்டாள்.

"இரும்மா. வூட்ல அவன் இன்னா பண்ணுவான்னு மேடத்துக்குச் சொல்லு."

அவள் திணறினாள். தானே பேசிவிடலாமா என்று ஹேமநாத்துக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டார்.

"போன்ல படத்தக் காட்டிதான் கேப்பான் மேடம். பசிச்சா சோத்துப் படம். அவங்க நைனா வேணும்னா பைக்கு படம்."

டீச்சர் பாடப்புத்தகத்தில் விலங்குகள் இருந்த பக்கத்தைத் திறந்து ரமணாவிடம் நீட்டினார். "பால் குடுக்கறது எதுப்பா?"

அவன் பசுவைத் தொட்டான்.

"முட்டை போடறது?"

கோழியைத் தொட்டான். அடுத்த கேள்வி வருவதற்குள் பக்கத்தையும் அவனே புரட்டினான்.

டீச்சர் சிரித்தேவிட்டார். பழைய வரியை அடித்துவிட்டு, 'படங்களைக் காட்டிப் பதில் சொல்வான்; தேர்வும் அப்படியே' என்று எழுதினார்.

வெளியே வந்ததும் வெங்கடலட்சுமி கணவனுக்குப் போன் போட்டாள். "நம்ம பையனும் பரீட்சை எழுதப் போறான்யா!"

அன்று பள்ளிக்கூடத்தில் ஹேமநாத் பேசியது, 'வூட்ல அவன் இன்னா பண்ணுவான்னு சொல்லு' என்ற அந்த ஒரு பேச்சுதான். சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.