பள்ளிக்கூட பெஞ்சைப் படகாக இழுத்த நாள்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் எழுதிய சரித்திர நாவல்களைப் பற்றி மற்றப் பக்கங்களில் பெரியவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படி எழுத வராது. நான் அவருடைய ஒரே தங்கை. அவருடைய முதல் நாவலுக்கும் இரண்டாம் நாவலுக்கும் நடுவில், ஜப்பான்காரன் காலத்தில், நான் பயந்த பயத்தைத்தான் எனக்கு எழுதத் தெரியும்.

அண்ணன் பிறந்தது கோலா சாவாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டியவர். அம்மாவும் அப்பாவும் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதன் பிறகு என்னை வளர்த்தது அண்ணன்தான். எங்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்க அன்று ஒரு சொந்தக்காரரும் வரவில்லை. இதைப் படிப்பவர்களில் சிலருக்கு அது தெரியும்.

பிறகு பகாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கு அண்ணன் வாத்தியாராகப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே இருந்துதான் முதல் நாவலை எழுதினார். அது அச்சாகி வந்த கொஞ்ச நாளில் போர் வந்துவிட்டது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அண்ணனும் எல்லோரோடும் சேர்ந்து மரவள்ளி நட்டார்.

இந்த மலரிலேயே ஒருவர் அந்த ஆண்டுகளை ‘அவர் எழுதாத காலம்’ என்று எழுதியிருக்கிறார். அது தவறு. அண்ணன் பேனாவைத் தொடவில்லை, அவ்வளவுதான். அவருக்கு எழுதுவது சின்ன வேலை. கேட்பதுதான் பெரிய வேலை. ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வரி எழுத மாட்டார்.

அப்போது அவர் மனதில் இருந்தது இரண்டாவது நாவல். பழைய காலத்தில் வணிகர்கள் ஜெம்போல் ஆற்றில் வந்து, படகைத் தரையில் இழுத்துக்கொண்டு போய், செர்த்திங் ஆற்றில் இறக்கி நாட்டின் மறுபக்கத்துக் கடலுக்குப் போனார்களாம். எங்கள் பகாவ் பக்கத்தில் நடந்தது இது. ஒரு மலாய்க் கிழவர் சொன்னதாக அண்ணன் ஒரு நாள் வந்து சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. படகுக்கு அடியில் என்ன போட்டார்கள்? எருமை இழுத்ததா, ஆட்கள் இழுத்தார்களா? எங்கே தங்கினார்கள்? பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டார்.

மற்றக் காலமாக இருந்தால் கேட்டுவிட்டுப் போகட்டும். அந்தக் காலத்தில் கேள்வி கேட்கிற ஆளைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்தவர்கள் உளவாளி என்று சந்தேகப்பட்டால் விட மாட்டார்கள். ஜப்பான்காரன் காட்டு ஆட்களுக்கு வழி பார்க்கிறவன் என்று சந்தேகப்பட்டால் விட மாட்டான். தோட்டத்து ஜனங்களுக்கோ யார் எது கேட்டாலும், ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கத்தான் என்ற பயம். லோரி சத்தம் கேட்டால் ஆம்பிளைகள் பின்பக்கமாக ஓடிவிடுவார்கள்.

ஒரு நாள், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் சின்னையா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“வாத்தியாரே, பகாவ் கடையில என்ன கேட்டீங்க?”

“ஆத்துக்கு வழி கேட்டேன்.”

“ஆளுக கண்ணுல படாம ஒரு ஆத்துலேர்ந்து இன்னொரு ஆத்துக்குப் போற வழி இருக்கான்னு கேட்டீங்களாம். கடையில இருந்தவனுங்க பாதிப் பேரு காப்பியக் குடிக்காமயே எந்திரிச்சுப் போயிட்டானுங்க.”

“என் கதாநாயகன் எதிரி கண்ணுல படாமத்தான போகணும்?”

“உங்க கதாநாயகனுக்கு ஒண்ணும் ஆவாது. உங்க தலையத்தான் வெட்டி ரோட்டோரம் வைப்பானுங்க. கல்யாணம் ஆவாத தங்கச்சிய வச்சிருக்கீங்க. கொஞ்சம் யோசிங்க.”

அவர் போன பிறகு நான் அழுதேன். “அண்ணே, இந்தப் படகு எங்கயும் ஓடிராது. ஜப்பான்காரன் போகட்டும், அப்புறமா கேளுங்க” என்றேன்.

“அந்த வழி தெரிஞ்ச கெழவருக்குச் சாப்பாடே இல்ல பாப்பா. ஜப்பான்காரன் போற வரைக்கும் அவரு இருப்பாரா?” என்றார் அண்ணன். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

அடியில் உருட்டுக்கட்டை போட்டு இழுத்திருப்பார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். அதையும் செய்து பார்க்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்துப் பெரிய பெஞ்சைத் தூக்கி வந்து, ரப்பர் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் கவிழ்த்து வைத்து இழுத்தார். பக்கத்து வீட்டுக் குப்பம்மா அக்காவின் கணவர் வீராசாமி நல்ல பலசாலி. சிரித்துக்கொண்டே அவரும் ஒரு கை பிடித்தார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“வாத்தியாரே, கப்பல் எந்த ஊருக்குப் போவுது? எனக்கு ஒரு எடம் போட்டு வைங்க” என்றார் குப்பம்மா அக்கா.

“மொதல்ல உம்புருசன் தள்ளட்டும், அப்புறம் ஏறலாம்” என்றார் அண்ணன்.

இது நடந்து ஒரு வாரத்துக்குள் லோரி வந்தது. நடுப்பகல். ஓட யாருக்கும் நேரமில்லை. ஆண், பெண், பிள்ளை எல்லோரையும் பெரட்டுக்களத்தில் நிறுத்தினார்கள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற திடல் அது. ஒரு ஜப்பான் அதிகாரி, சில சிப்பாய்கள், சிரம்பானிலிருந்து கூட்டி வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர். அண்ணனைப் பேர் சொல்லி முன்னால் கூப்பிட்டார்கள். நான் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. அங்கே நின்றவர்களுக்குத்தான் அது புரியும்.

“யாருக்கு வழி பார்த்த?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“நான் எழுதற கதைக்குங்க.”

“கதையில யாரு போறான்?”

“ஒரு வணிகன்.”

“அவன் இப்ப எங்க இருக்கான்?”

“அவன் ஆயிரம் வருசத்துக்கு முந்துன ஆளுங்க.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் அதிகாரி அண்ணனை அறைந்தான். பிறகு மொழிபெயர்ப்பாளரையும் அறைந்தான். ஒரு சிப்பாய் அண்ணனை மண்டியிடச் சொல்லிப் பின்னால் போய் நின்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது குப்பம்மா அக்காவின் குரல் கேட்டது. இடுப்பில் கைக்குழந்தையோடு வரிசையை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்திருந்தார்.

“ஐயா, அந்த ஆளு பைத்தியம்யா. தண்ணியில்லாத எடத்துல படகு விடற ஆளு. அங்க பாருங்க, பள்ளிக்கூட பெஞ்சக் கட்டை மேல கவுத்து வச்சு இழுத்துக்கிட்டு இருந்தாரு. எம்புருசனையும் கூப்புட்டு இழுக்க விட்டாரு. லயத்துல எல்லாரையும் கேளுங்க.”

“பைத்தியம்தாங்க, பைத்தியம்தாங்க” என்று மற்றப் பெண்களும் சொன்னார்கள்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் அல்லவா? “நான் பைத்தியம் இல்ல. படகு இழுத்தது நெசம்” என்றார்.

“பாத்தீங்களா?” என்றார் குப்பம்மா அக்கா.

திடலோரம் கட்டைகளின்மேல் கிடந்த பெஞ்சை அதிகாரி பார்த்தான். இழுத்துக் காட்டச் சொன்னான். அண்ணன் முன்னால், வீராசாமி பின்னால். பாரம் வேண்டும் என்று ஒரு சிப்பாயைப் பெஞ்சின்மேல் உட்கார வைத்தான். பெஞ்சு நகர ஆரம்பித்தது. அண்ணன் பின்னால் துப்பாக்கி இருப்பதையே மறந்துபோனார். குனிந்து கட்டையைப் பார்த்தார். மேலே இருந்த சிப்பாயைக் கொஞ்சம் நடுவில் தள்ளி உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“வீராசாமி, கட்டைய நனைச்சா லேசா வரும்போல இருக்கு. தண்ணி ஊத்திப் பாரு.”

வீராசாமி வாளியில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார். பெஞ்சு வேகமாகப் போனது. அதிகாரி சிரித்தான். சிப்பாய்கள் சிரித்தார்கள். எங்களையும் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம். அண்ணனை ஓர் உதை உதைத்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறீர்கள். கல்யாண வீட்டிலும் மேடையிலும், அண்ணன் பைத்தியம்போல நடித்து ஜப்பான்காரனை ஏமாற்றினார் என்று சொல்லிக் கைதட்டுகிறீர்கள். அவர் நடிக்கவில்லை. அவருக்கு நடிக்கத் தெரியாது. அன்று அவரைக் காப்பாற்றியது குப்பம்மா அக்கா. மிச்சத்தையும் கேளுங்கள்.

லோரியில் ஏறப்போன அதிகாரி திரும்பி வீராசாமியைப் பார்த்து ஏதோ சொன்னான். “இவன் நல்லா இழுக்கறானாம். சயாமுக்கு வரட்டுமாம்” என்றார் மொழிபெயர்ப்பாளர், தரையைப் பார்த்துக்கொண்டு. வீராசாமி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு லோரியில் ஏறினார். குப்பம்மா அக்கா பின்னால் ஓடவில்லை. ஓடினால் சுட்டுவிடுவார்கள் என்று நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

அதன் பிறகு அண்ணன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குப்பம்மா அக்கா வீட்டுக்கு விறகு வெட்டிப் போட்டார், கிழங்கு தோண்டிக் கொடுத்தார். ஜப்பான்காரன் போனதும் சயாமிலிருந்து தப்பியவர்கள் எலும்பும் தோலுமாகப் பகாவுக்கு வந்து இறங்கினார்கள். அண்ணன் தினமும் போய் நின்றார். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் “வீராசாமியைப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாவலை அதற்குப் பிறகுதான் எழுதினார். அச்சுக்கு அனுப்பும் முன்னால் படகு இழுக்கிற அத்தியாயத்தைக் குப்பம்மா அக்காவுக்குப் படித்துக் காட்டினார். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “இழுத்த ஆளுகள்ளாம் வூட்டுக்குத் திரும்பி வந்தாங்களா வாத்தியாரே?” என்றார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு பத்தி சேர்த்து எழுதினார். இழுத்த கூலிகள் எல்லோரும் மழைக்கு முன்னால் வீடு திரும்பினார்கள் என்று அதில் வரும். அந்தப் பத்திக்கு ஆதாரம் இல்லை என்று படித்தவர்கள் பலர் குறை சொன்னார்கள். ஆதாரம் இல்லைதான்.

கடைசி நாள்களில் போர்டிக்சன் மருத்துவமனையில் கிடந்தபோதும் நர்ஸிடம் அவள் ஊர் எது, தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும், பாடை தூக்கியவர்களுக்கும், இந்த மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. குப்பம்மா அக்கா இப்போது இல்லை. அன்று இடுப்பில் இருந்த அவருடைய மகள் இன்று இந்த நினைவு நாளுக்குத் தன் பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். பந்தியில் முதல் இலை அவளுக்குப் போடுங்கள். குடும்பத்துப் பெரியவர்கள் அடுத்த பந்தியில் சாப்பிட்டால் போதும். இதில் யாருக்காவது வருத்தமிருந்தால் நேராக என்னிடம் வந்து சொல்லலாம்.