ஊற்றடியில் காத்திருந்த நாட்கள்

போன வாரம் மதுரையில் தம்பி மகள் என்னை ஒரு ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போனாள். மெருகேற்றிய தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக் கொடுத்தார்கள். அவள் போட்டோ எடுத்தாள். நான் சிரட்டையை மோந்து பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு காலத்தில் என் குடித்தனமே சிரட்டையில்தான் நடந்தது.

ஐம்பதுகளின் கடைசி. பரமக்குடிப் பக்கம் வயலும் வைகையுமாக வளர்ந்த என்னை, தங்கச்சிமடத்தில் ரயில்வே வேலை பார்த்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இறங்கிய அன்றே அழுதேன். சோற்றில் மணல், தலையில் மணல், வீட்டுக்காரரின் பேச்சில்கூட மணல் கரகரக்கும். "என்னைய வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்று என்னைப் பெற்ற அய்யாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

அதுவரை குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. கடலுக்குக் கொஞ்சம் தள்ளி மணலில் பள்ளம் பறித்து, ஊறுகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். நாலு தடவை அள்ளினால் வற்றிவிடும். மறுபடி ஊறும்வரை சும்மா உட்கார வேண்டியதுதான். என் வயசுக்காரி ரோசம்மா, கடல் தொழில் செய்கிறவர் மனைவி, பக்கத்துப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் பேச எனக்கு வீம்பு. வேறு வழியில்லாமல் மணலைப் பார்த்தேன்.

பார்க்கப் பார்க்க அது பொட்டலாக இல்லை. குட்டி நண்டொன்று வளையிலிருந்து மண்ணை உருட்டி உருட்டி வெளியே வைத்தது. ராவணன் மீசைப் புல்லின் முள்பந்துகள் காற்றில் உருண்டோடின. திரும்பும் அலையைத் துரத்திக்கொண்டு போய், அடுத்த அலைக்குப் பயந்து ஓடிவரும் உள்ளான் குருவிகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"ஆத்தி, ஒனக்குச் சிரிக்கக்கூடத் தெரியுமா?" என்றாள் ரோசம்மா.

அதன்பிறகு குடம் நிறைந்தாலும் நாங்கள் எழுந்திருப்பதில்லை. மணலில் படர்ந்த கொடியில் அடம்பம்பூ வாடுவதை வைத்து நேரம் சொன்னோம். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தால் கடல் என்ன நிறம், வாடைக்கு என்ன நிறம் என்று சண்டை போட்டோம்.

அய்யா வந்தார். மறுநாள் காலையில் ஊற்றுக்குக் கூடவே வந்தவருக்கு, நான் சிரட்டையோடு உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. யார் வீட்டிலோ மண்வெட்டி வாங்கிவந்து இடுப்பளவு தோண்டிவிட்டார். வைகை மணலில் அப்படித்தான், தோண்டத் தோண்டத் தண்ணீர். இங்கும் குபுகுபுவென்று வந்தது. பெருமையாக ஒரு கை அள்ளிக் குடித்தவர் 'தூ' என்று துப்பினார். உப்பு.

"இங்கன நல்ல தண்ணி மேலாப்புலதான் கெடக்குய்யா. அடியில பூராம் உப்பு. கொஞ்சமாப் பறிச்சு, பொறுத்து அள்ளணும். விடுங்க, நாளைக்கு நான் வேற பள்ளம் பறிச்சுக்கிறேன்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "நாளைக்கா? அப்ப நீ எங்கூட வரலையா தாயி?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. "வரலய்யா" என்றேன். அவர் ரோசம்மாவின் பள்ளத்தில் ஒரு செம்பு அள்ளி, அம்மாவுக்குக் குடிக்கக் கொடுக்க ரயிலில் கொண்டுபோனார்.

சில வருஷம் முன்பு அங்கே போயிருந்தேன். ரோசம்மா காலமாகியிருந்தாள். ஊற்று இருந்த இடமெல்லாம் வீடுகள். அவள் மகள் வாசல் குழாயடியில் குடத்தை வைத்துத் திறந்துவிட்டுக்கொண்டே, "இப்பல்லாம் யாரு பெரியம்மா அங்கன போயிக் காத்துக் கெடக்கா?" என்றாள். நல்லதுதான். எங்கள் இடுப்பு பட்ட பாடு எங்களுக்கல்லவா தெரியும். ஆனாலும் அவள் அம்மாவும் நானும் எதைப் பார்த்துக்கொண்டு அங்கே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. நான் வாயெடுப்பதற்குள் குடம் நிறைந்துவிட்டது.