அழிக்கும் என்று எழுதியவர்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் என் எதிர் மேசையில் இருந்த, சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அந்தப் பெண்மணி. ஏ.சி. குளிருக்கு எப்போதும் நீல ஸ்வெட்டர் போட்டிருப்பார். நாங்கள் எதையும் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்வோம். அவர் மட்டும் எந்தக் கட்டளையையும் தட்டுமுன் அதன் உதவிக் குறிப்பை முணுமுணுத்துப் படிப்பார்.

அன்றும் படித்தார். எங்கள் கம்பெனி டூலில் ‘கிளீன்’ என்ற கட்டளைக்கு நேரே ‘கிளீன் செய்யும்’ என்று மட்டும் இருந்தது. வேண்டாத ஃபைல்கள்தான் போகும் என்று நம்பித் தட்டினார். அவருடைய சோதனை முடிவுகள் மொத்தமும் போயின.

டூலை எழுதியவன் சிரித்தான். “என்ன மேடம், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“உன்னைக் கேக்கணும்னா ஹெல்ப் எதுக்குப்பா? நீ லீவுல போயிட்டா யாரைக் கேக்குறது, உன் சேரையா?”

அப்போதே குறிப்பைத் திருத்தினார்: ‘எல்லாவற்றையும் அழிக்கும். திரும்ப வராது.’

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “பயமுறுத்துற மாதிரி இருக்கு. கொஞ்சம் சாஃப்டா எழுதுங்களேன்.”

“பயப்படட்டும்னுதான் சார் எழுதினேன்.”

அவர் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறாரோ, தெரியாது. அந்த வரியை மாற்ற மட்டும் இன்றுவரை இங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.